கையோடு ஒரு வெளிச்சம்

கரண்ட் போனதும் கை செல்போனுக்குத்தான் போகிறது. திரையைத் தேய்த்து, டார்ச் படத்தைத் தொட்டு, போனையே விளக்காகப் பிடித்தபடி கொல்லைப்பக்கம் போகிறோம். கையில் ஒரு விளக்கு இருக்கும்போது தனியாக டார்ச் லைட் எதற்கு என்று கேட்பவர் இன்றைக்கு எல்லா வீட்டிலும் உண்டு. ஒருகாலத்தில் வாசற்படி ஆணியில் கட்டாயம் தொங்கிய இரண்டு கட்டை, மூன்று கட்டை லைட்டுகள் பல வீடுகளில் காணாமல் போனது இப்படித்தான்.

தனியாக ஒரு டார்ச் வேண்டும். ஆணியில் தொங்கும் பெரிய டார்ச்சைச் சொல்லவில்லை. விரல் நீளத்தில், சட்டைப் பையிலோ இடுப்பிலோ கைப்பையிலோ நாள் முழுக்க நம்மோடு இருக்கும் சின்ன எல்இடி டார்ச்சைச் சொல்கிறேன். இருட்டு சொல்லிவிட்டு வருவதில்லை. மாடிப்படியில், பேருந்து நிறுத்தத்தில், வயல் வரப்பில், லிஃப்ட்டுக்குள் என எங்கு வேண்டுமானாலும் அது நம்மைப் பிடிக்கும். அந்த நேரத்தில் வீட்டு அலமாரியில் உறங்கும் எத்தனை பெரிய விளக்கும் உதவாது.

போன் வெளிச்சத்தின் குறை அதன் பிறவியிலேயே இருக்கிறது. கேமராவுக்குப் பக்கத்தில், முன்னால் நிற்பவர் முகத்தைப் படம் எடுக்க வைத்த விளக்கு அது. ஒளியைக் குவிக்கக் கிண்ணம் கிடையாது. அகலமாகச் சிதறும், சில அடிகளில் மங்கிவிடும். மழையில் திரை நனைந்தால் விரல் தொடுவதைப் போன் சரியாக உணராது. குனிந்து கிணற்று மோட்டாரைப் பார்க்கும்போது கை நழுவினால் நஷ்டம் பல ஆயிரம். எல்லாவற்றையும்விட, ஆபத்து நேரத்தில் போனின் சார்ஜ் பேசுவதற்கு வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகள் நாள் கணக்கில் இருளில் கிடந்தன. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. டெல்டாவின் உள்கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரங்கள் ஆயின. அத்தகைய இரவில் போனை விளக்காக எரிப்பவர், 108-ஐ அழைக்க வேண்டிய கருவியையே எரித்துத் தீர்க்கிறார்.

பாதத்துக்கு முன்னால் இரண்டு அடி

டார்ச் விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் பாம்புக்கடி. 2020-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாகக் கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்தவர்கள். பாதி மரணங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை மாதங்களில் நேர்ந்தவை. தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் ஒவ்வொரு பாம்புக்கடியையும் மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்ற நிலை வந்திருக்கிறது.

நம் ஊரில் அதிகம் கொல்லும் நான்கு பாம்புகளில் நாகத்தை விட்டுவிட்டால் கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் மூன்றும் பெரும்பாலும் இரவில் நடமாடுபவை. முறைத்தண்ணீர் திருப்பவும், இரவில் வரும் மும்முனை மின்சாரத்துக்கு மோட்டார் போடவும் வரப்பில் நடக்கும் விவசாயிக்கு அதே நேரம்தான் வேலை நேரம். காலில் செருப்பு, கையில் வெளிச்சம் என்ற இரண்டும் இருந்தாலே பல கடிகளைத் தவிர்க்கலாம். கட்டுவிரியனோ வீட்டுக்குள்ளேயே, தரையில் விரித்த பாய் வரைக்கும் வந்துவிடும். ராத்திரி எழுந்து காலைத் தரையில் வைக்குமுன் ஒருமுறை வெளிச்சம் போட்டுப் பார்க்கும் பழக்கத்தை டார்ச் தலைமாட்டில் இருந்தால் மட்டுமே கடைப்பிடிக்க முடியும்.

இங்கே ஒரு நுணுக்கம். நாய், பூனை, மாடு ஆகியவற்றின் கண்கள் டார்ச் பட்டதும் பளபளக்கும். ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று அவற்றின் விழித்திரைக்குப் பின்னால் உண்டு. பாம்புக்கு அந்தப் படலம் கிடையாது. எனவே இருட்டில் பாம்பை அதன் உடம்பை வைத்துத்தான் கண்டுகொள்ள வேண்டும். கண்ணாடிவிரியனின் உடம்போ காய்ந்த சருகின் நிறம்.

அதனால் டார்ச்சைப் பிடிக்கும் உயரம் முக்கியம். நெற்றிக்கு நேராகப் பிடித்தால் கண் பார்க்கும் திசையும் ஒளி போகும் திசையும் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு பொருளின் நிழலும் அந்தப் பொருளுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ள, தரை தட்டையாகத் தெரியும். அதே டார்ச்சை இடுப்புக்குக் கீழே, உடம்பைவிட்டுச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு கூழாங்கல்லுக்கும் நீளமான நிழல் விழும். பள்ளம் கறுத்துக் காட்டும், சருகுக்கு நடுவே உருண்டையாகக் கிடப்பது தனியே எழுந்து தெரியும். தூறலிலும் பனிமூட்டத்திலும் இதே பிடிதான் நல்லது. ஒளி துளிகளில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வருவது குறையும். வெளிச்ச வட்டத்தை எப்போதும் பாதத்துக்கு இரண்டு, மூன்று அடி முன்னால் வைத்து நடங்கள். தூரத்தில் என்ன இருக்கிறது என்று அவ்வப்போது ஒருமுறை தூக்கிப் பார்த்தால் போதும்.

ஒருவேளை கடித்துவிட்டால் கயிறு கட்டுவதும் பிளேடால் கீறுவதும் வேண்டவே வேண்டாம். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மஞ்சள் பொட்டுக்குள் நீலம்

அணைந்திருக்கும் எல்இடி டார்ச்சின் முகத்தைப் பகலில் உற்றுப் பாருங்கள். வெள்ளிக் கிண்ணத்தின் அடியில் கடுகளவோ மிளகளவோ ஒரு மஞ்சள் சதுரம் தெரியும். அதிலிருந்து வருவது வெள்ளை ஒளி. ஆனால் அந்த மஞ்சளுக்கு அடியில் உண்மையில் எரிவது நீல விளக்கு.

சிவப்பு எல்இடி 1962-லேயே வந்துவிட்டது. நீலத்துக்கு மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. ஜப்பானின் இசாமு அகாசாகியும் ஹிரோஷி அமானோவும் நகோயாவில் அதற்கு வழி கண்டார்கள். தொகுஷிமாவில் நிச்சியா என்ற நிறுவனத்தில் வேலை பார்த்த ஷுஜி நாகமுரா 1993-இல் பளிச்சென்ற நீல எல்இடியைக் காட்டினார். மூவருக்கும் 2014-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் கிடைத்தது. நிச்சியாவின் பழைய தொழில் பாஸ்பர் எனப்படும் ஒளிரும் பொடி தயாரிப்பது. நீல எல்இடியின் மேல் மஞ்சளாக ஒளிரும் பொடியைப் பூசினால் நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். 1996-இல் வெள்ளை எல்இடி சந்தைக்கு வந்தது இப்படித்தான்.

டார்ச் வாங்குபவருக்கு இந்தக் கதையில் ஒரு பாடம் உண்டு. மஞ்சள் பூச்சு மெலிதாக இருந்தால் நீலம் தூக்கலாக வரும். கண்ணைப் பறிக்கும் அந்த நீலம் கலந்த வெள்ளைக்கு 6500 கெல்வின் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அதில் சிவப்பும் பழுப்பும் சோகையாகிவிடும். செம்மண்ணும் சருகும் ரத்தமும் தம் நிறத்தில் தெரிய 4000 முதல் 5000 கெல்வின் வரையிலான இளவெள்ளை நல்லது. சிஆர்ஐ என்று ஓர் எண்ணும் இருக்கும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்ற கணக்கு. சாதாரண டார்ச்சுக்கு அது 70 அளவில் இருக்கும். 90-க்கு மேல் இருந்தால், மொத்த ஒளியின் அளவைச் சொல்லும் லூமன் கொஞ்சம் குறைந்தாலும் அதையே எடுங்கள். சருகில் கிடக்கும் பழுப்புப் பாம்பைப் பிரித்தறிய வேண்டியவருக்கும், வயர் நிறம் பார்த்து இணைக்க வேண்டிய எலெக்ட்ரீஷியனுக்கும் பளபளப்பைவிட நிறம்தான் முக்கியம்.

லூமன் என்ற மயக்கம்

ஆன்லைன் கடைகளில் விரல் நீள டார்ச்சுக்கு 10,000 லூமன் என்று கூசாமல் போடுகிறார்கள். இதைப் பிடிக்க ஆய்வகம் தேவையில்லை, பள்ளிக் கணக்கு போதும்.

ஒரு மெழுகுவத்தி தரும் மொத்த ஒளி ஏறக்குறைய 12 லூமன். நம் தாத்தாக்கள் வயலுக்கு எடுத்துப்போன இழைபல்பு வைத்த இரண்டு கட்டை லைட் 20, 30 லூமனைத் தாண்டியிருக்காது. இன்றைய நல்ல எல்இடி, ஒரு வாட் மின்சாரத்துக்குச் சுமார் 100 லூமன் தரும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஏஏ அளவில் ரீசார்ஜ் கட்டை ஒன்றின் கொள்ளளவு 2000 எம்ஏஎச், அழுத்தம் 1.2 வோல்ட், பெருக்கினால் 2.4 வாட்-மணி. ஆக 100 லூமனில் எரித்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். 10 லூமனில் எரித்தால் அதே கட்டை கிட்டத்தட்ட ஒரு முழுநாள் எரியும். 10,000 லூமனுக்கோ 100 வாட் வேண்டும். விரல் நீள உலோகக் குழாயில் 100 வாட் ஓடினால் கையில் பிடிக்கவே முடியாது.

நியாயமான நிறுவனத்தின் 1000 லூமன் டார்ச்சும் முழு வெளிச்சத்தில் ஓரிரு நிமிடம் எரிந்ததும் சூட்டைத் தாங்காமல் தானாகவே இறங்கிவிடும். அது பழுதில்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆகவே பெட்டியில் உள்ள மிகப் பெரிய எண்ணைப் பார்த்து மயங்காமல், மிகச் சின்ன எண்ணைத் தேடுங்கள். 1 லூமனோ 5 லூமனோ தரும் மெல்லிய நிலை அந்த டார்ச்சில் இருக்கிறதா? பிள்ளை தூங்கும் அறையில் மருந்துப் பாட்டிலைத் தேட அதுதான் வேண்டும். இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். ஒரு நொடிப் பெருவெளிச்சம் அந்தப் பழக்கத்தைக் கலைத்துவிடும். மேலும், வெளிச்சம் இரண்டு மடங்காகத் தோன்ற லூமன் ஏறக்குறைய நான்கு மடங்காக வேண்டும். 200-க்கும் 300-க்கும் உள்ள வித்தியாசம் வரப்பில் உங்களுக்குத் தெரியவே தெரியாது. பேட்டரிக்குத் தெரியும்.

அமெரிக்காவில் 2009-இல் வந்த எஃப்எல்1 என்ற அளவுமுறையைப் பெட்டியில் கண்டால் கொஞ்சம் நம்பலாம். அதிலும் எண்களின் பொருள் புரிந்திருக்க வேண்டும். 100 மீட்டர் பாயும் என்றால், 100 மீட்டருக்கு அப்பால் முழுநிலா அளவு வெளிச்சம் விழும் என்று பொருள். ஆள் யாரென்று தெரிய அதில் பாதி தூரத்தைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். பத்து மணி நேரம் எரியும் என்றால், தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்கும் என்று பொருள்.

முன்பகுதியை இழுத்துத் தள்ளும் ஜூம் டார்ச்சுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். முழுக்க இழுத்துச் சுவரில் அடித்தால் எல்இடியின் சதுர வடிவமே பெரிதாக விழுவதைக் காணலாம். அந்தச் சதுரத்துக்கு வெளியே இருட்டு. காலடியில் ஒன்றும் தெரியாது. லென்சில் படாத ஒளி உள்ளேயே வீணாகும். நகரும் பகுதி வழியாக மழைத்தண்ணீரும் இறங்கும். நடுவில் ஒரு பிரகாசமும் சுற்றிலும் பரவும் மெல்லொளியுமாகத் தரும் நிலையான கிண்ணமே அன்றாடத்துக்கு ஏற்றது.

கடையிலேயே இரண்டு சோதனைகள் செய்யலாம். குறைந்த வெளிச்சத்தில் வைத்து, ஓடும் மின்விசிறி மேல் அடித்துப் பாருங்கள். இறக்கைகள் நின்று நின்று போவதாகத் தெரிந்தால், வெளிச்சத்தைக் குறைக்க அந்த டார்ச் வேகமாக அணைந்து அணைந்து எரிகிறது. நெடுநேரம் பார்த்தால் சிலருக்குத் தலை வலிக்கும். அடுத்து, பொத்தானை இரண்டு, மூன்று தடவை தட்டுங்கள். பளீர் பளீரென்று வெட்டும் நிலை வழியில் குறுக்கிட்டால் வேண்டாம். அவசரத்தில் அது நம் கண்ணையேதான் குருடாக்கும்.

கட்டைதான் உயிர்

டார்ச் கெட்டுப்போவது அபூர்வம். கட்டைதான் அதைக் கெடுக்கும். பல வீடுகளில் மறந்துபோன டார்ச்சைத் திறந்தால் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். தீர்ந்துபோன அல்கலைன் கட்டையிலிருந்து கசிந்த காரம் அது. ஆரம்ப நிலையில் என்றால் வினிகரில் தோய்த்த பஞ்சால் துடைத்து மீட்கலாம். முற்றிவிட்டால் கட்டை குழாயோடு இறுகிக்கொள்ளும். எப்போதாவது எரியும் டார்ச்சில் கட்டையைக் கழற்றி வையுங்கள். அன்றாடம் எரிவதற்கு, சார்ஜ் இறங்காமல் மாதக்கணக்கில் தாங்கும் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் கட்டைகள்தான் சிக்கனம். 2005-இல் சான்யோ கொண்டுவந்த எனலூப் இந்த வகைக்கு வழிகாட்டியது. அவை அல்கலைன் மாதிரி கசிந்து தொல்லை தருவதும் இல்லை.

சக்தி அதிகம் வேண்டுமென்றால் லித்தியம். 18650 என்ற எண்ணுக்கு 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். அந்த அளவில் 3000, 3500 எம்ஏஎச் கொள்வதே நல்ல கட்டை. 9900 என்று அச்சிட்டு வருவதெல்லாம் பொய். உள்ளே ஆயிரம்கூட இருக்காது. 14500 என்ற லித்தியம் கட்டை பார்க்க ஏஏ மாதிரியே இருக்கும், ஆனால் 3.7 வோல்ட். டார்ச் அதை ஏற்கும் என்று எழுதியிருந்தால் ஒழியப் போடக் கூடாது. சாதாரண ஏஏ சார்ஜரில் அதைச் செருகவே கூடாது. மேலுறை கிழிந்த லித்தியம் கட்டையைச் சில்லறையோடு பையில் போடுவதும் ஆபத்து. விமானத்தில் போகும்போது மாற்றுக் கட்டைகள் கைப்பையில் மட்டுமே வர வேண்டும்.

பின்பக்கம் இரண்டு பின் மடங்கியிருக்கும், நேராகச் சுவர்ப் பிளக்கில் செருகும் மலிவு ரீசார்ஜ் டார்ச்சுகள் ஊர்தோறும் விற்கின்றன. பலவற்றில் உள்ளே இருப்பது ஈய-அமில பேட்டரி. சார்ஜ் இறங்கிய நிலையில் சில மாதம் கிடந்தால் அது மறுபடி உயிர் பெறாது. புயலன்று எடுக்கும்போது எரியாமல் போவது அதனால்தான். மேலும் இவற்றில் பல, 230 வோல்ட்டிலிருந்து பிரித்துவைக்கும் மின்மாற்றி இல்லாதவை. பிளக்கில் இருக்கும்போது பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்காமல் இருப்பது இன்னும் நல்லது.

எனக்குப் பிடித்த தேர்வு, ஒற்றை ஏஏ கட்டையில் எரியும் டார்ச். மளிகைக் கடையில்கூட அந்தக் கட்டை கிடைக்கும். ஆபத்துக்குச் சுவர்க் கடிகாரத்திலிருந்தே கழற்றிப் போடலாம். யுஎஸ்பி-யில் சார்ஜ் ஆகும் டார்ச் வசதிதான், பவர் பேங்கிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம். கட்டையைக் கழற்ற முடிந்த மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளேயே அடைத்துவைத்த பேட்டரி தீர்ந்தால் டார்ச்சோடு குப்பைக்குப் போகும். தண்ணீர் காப்புக்கு ஐபிஎக்ஸ்7 என்றிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி தாங்கும். ஐபிஎக்ஸ்4 மழைச்சாரலுக்குப் போதும்.

பையில் டார்ச் தானாக எரிந்து தொடையைச் சுடும் என்ற புகார் உண்டு. பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். நல்ல அலுமினிய டார்ச்சின் மரையில் மின்சாரம் கடத்தாத பூச்சு இருக்கும். மூடி முழுக்க இறுகும்போது மட்டுமே சுற்று முழுமை பெறும். தளர்த்திவிட்டால் பொத்தானை எத்தனை அழுத்தினாலும் எரியாது. தேவைப்படும்போது ஒரு திருகு போதும்.

வெளிச்சத்தின் மரியாதை

கரண்ட் போன வீட்டில் டார்ச்சை வாலில் நிறுத்தி விட்டத்தைப் பார்த்து எரியவிடுங்கள். வெள்ளையடித்த கூரையில் பட்டு அறை முழுக்கச் சீராக இறங்கும். யார் கண்ணையும் கூசாது, மெழுகுவத்தியில் உள்ள தீப்பயமும் இல்லை. சாலையோரம் நடக்கும்போது வலது ஓரமாக, எதிர்வரும் வண்டியைப் பார்த்தபடி நடந்து, வெளிச்சத்தைத் தரையில் விடுங்கள். ஓட்டுநருக்கு நகரும் வெளிச்ச வட்டம் தெரிந்தால் போதும். அவர் முகத்தில் அடித்தால் நீங்கள்தான் அவர் கண்ணுக்குத் தெரியாமல் போவீர்கள். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது டார்ச்சைப் பல்லால் கடித்துக்கொள்வது மெக்கானிக்குகளின் பழைய பழக்கம். லித்தியம் கட்டை உள்ள டார்ச்சில் இதை அறவே விட வேண்டும். நெற்றியில் கட்டும் விளக்கு அதற்குத்தான் இருக்கிறது. குழந்தையின் கண்ணையோ தொண்டையையோ பார்க்க 300 லூமனைப் போடாதீர்கள்.

டார்ச்சே எரியக் கூடாத இடமும் ஒன்று நம்மூரில் இருக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நீலாங்கரை, பெசன்ட் நகர் கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவு முழுக்க மணலில் நடந்து முட்டைகளைக் காத்துவருகிறார்கள். பொரித்து வரும் குஞ்சு, எந்தத் திசை வெளிச்சமாக இருக்கிறதோ அதைக் கடல் என்று நம்பி ஓடும். செல்ஃபிக்காக ஒருவர் அடிக்கும் வெள்ளை டார்ச் அதைச் சாலைக்கு அனுப்பிவிடும். அங்கே போனால் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுத்திருங்கள்.

ஊரில் இருக்கும் அம்மா, அப்பாவுக்கு வாங்கித் தருபவர்களுக்கு ஒரு வார்த்தை. எட்டு நிலை, பத்து வித்தை உள்ள டார்ச் அவர்களுக்கு வேண்டாம். ஒரே பொத்தான், அழுத்தினால் எரிய வேண்டும், மறுபடி அழுத்தினால் அணைய வேண்டும். 50 முதல் 100 லூமன் தாராளம். கையில் வழுக்காத உடம்பும், கழுத்திலோ மணிக்கட்டிலோ மாட்ட ஒரு கயிறும் இருக்கட்டும். ஒன்று தலைமாட்டில், ஒன்று கொல்லைக் கதவோரம் என இரண்டாக வாங்கிவிடுங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் ஊருக்குப் போகும்போது இரண்டையும் திறந்து, கட்டைகளை மாற்றி, மூடியின் ரப்பர் வளையத்தில் சிலிக்கான் கிரீஸ் இருந்தால் ஒரு பொட்டுத் தடவி, எரித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.